அரிக்கமேட்டுக் குருமடம்

அரிக்கமேட்டுக் குருமடம் என்பது புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு தொல்லியல் மேட்டின் மீது நிற்கும் ஒரு கட்டட இடிபாடு ஆகும். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மறைபரப்பாளர்கள் இதனை ஒரு குருமாணவர் கல்விக்கூடமாகக் கட்டினர். 1771 முதல் 1773 வரை இதன் கட்டுமானம் நடைபெற்றது. 1780களின் தொடக்கத்தில் இது கைவிடப்பட்டது. இன்று சில செங்கல் சுவர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன.

அரிக்கமேடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சங்க காலத் துறைமுகமும் ரோமானிய வணிகமும்தான். ஆனால் அங்கே போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது சங்க காலத்தைச் சேர்ந்தது அன்று. அகழ்வாய்வில் கண்ட பழங்காலக் கட்டடங்கள் மீண்டும் மண்ணால் மூடப்பட்டுவிட்டன. தரைக்கு மேல் உயர்ந்து நிற்பது இந்தக் குருமடத்தின் சுவர்களே. இதனால் இச்சுவர்களை ரோமானியக் கட்டடம் என்று சிலரும், பௌத்த விகாரம் என்று சிலரும், சேசு சபையாரின் இல்லம் என்று வேறு சிலரும் எழுதி வருகின்றனர். இந்த மூன்றுமே சரியல்ல. சயாம், கம்போடியா, வியட்நாம் பகுதிகளில் போரால் துரத்தப்பட்ட ஒரு கல்விக்கூடம் அடைக்கலம் புகுந்த இடம் இது.

அமைவிடம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலை முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம் வழியாகத் தெற்கே சென்று, அரியாங்குப்பம் ஆற்றைப் பாலத்தில் கடக்கிறது. அரியாங்குப்பத்திலிருந்து கிழக்கே வீராம்பட்டினம் செல்லும் சாலையை ஒட்டிக் காக்காயன்தோப்பு என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து ஆற்றங்கரையை நோக்கிச் சென்றால் தென்னையும் மாமரங்களும் நிறைந்த தோப்புக்குள் அரிக்கமேடு அமைந்துள்ளது. புதுச்சேரி நகரிலிருந்து இதன் தொலைவு சுமார் 4 கி.மீ. ஆகும்.

செஞ்சி ஆறு எனப்படும் சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுண்ணாம்பாறு. மற்றொன்று அரியாங்குப்பம் ஆறு. இந்த இரண்டாவது கிளை கடலில் சேர்வதற்கு முன் வளைந்து திரும்பும் இடத்தில் அரிக்கமேடு உள்ளது. கடலுக்கு அருகில் இருந்தும் அலைகளின் தாக்குதல் இல்லாத இடம் என்பதால் பழங்காலத்தில் இது நல்ல படகுத்துறையாக இருந்தது. நகரின் சந்தடியிலிருந்து விலகியும், துறைமுகத்துக்குப் பக்கத்திலும் இருந்ததால் குருமடத்துக்கும் ஏற்ற இடமாயிற்று.

பெயர்கள் தரும் குழப்பம்

இந்த இடிபாட்டைப் பற்றித் தேடுகிற மாணவர்கள் முதலில் பெயர்க் குழப்பத்தைக் கடக்க வேண்டும். மறைபரப்புச் சபையின் பழைய ஏடுகளில் இக்கல்விக்கூடம் "வீராம்பட்டினம்" என்ற பெயரிலேயே குறிக்கப்படுகிறது. அரிக்கமேடு என்ற பெயர் அவற்றில் வழங்கவில்லை. அருகில் இருந்த பெரிய ஊர் வீராம்பட்டினம் என்பதால், தோப்பும் மேடும் அந்தப் பெயராலேயே அறியப்பட்டன. பிற்காலத்தில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் தம் அகழ்வாய்வு நூலுக்குத் தலைப்பிட்டபோது "வீராம்பட்டினம்-அரிக்கமேடு" என்று இரண்டு பெயர்களையும் இணைத்தே எழுதினார்.

தொல்லியல் எழுத்துகளில் இக்கட்டடம் "மிஷன் ஹவுஸ்" எனப்படுகிறது. புதுச்சேரியில் சேசு சபையார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பணியாற்றியதால், "மிஷன்" என்ற சொல்லைக் கண்டதும் "சேசு சபை இல்லம்" என்று பலர் எழுதிவிட்டனர். உண்மையில் இதைக் கட்டியது பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபை. இச்சபை வேறு, சேசு சபை வேறு.

"மடம்" என்ற சொல்லும் விளக்கம் வேண்டுவது. ஐரோப்பாவின் பெரிய மடாலயங்களில் துறவிகள் ஒரே இடத்தில் வாழ்நாள் முழுவதும் தங்கி, நிலபுலன்களோடு வாழ்ந்தனர். குருமடம் அத்தகையது அன்று. அது குருவாகப் போகும் மாணவர்கள் சில ஆண்டுகள் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளி. பாரிஸ் சபையினரும் மடாலயத் துறவிகள் அல்லர். அயல்நாடுகளுக்குச் சென்று பணியாற்றும் குருக்கள்.

அயுத்தயாவிலிருந்து புதுச்சேரி வரை

இக்கல்விக்கூடத்தின் கதை புதுச்சேரியில் தொடங்கவில்லை. 1665ஆம் ஆண்டு வாக்கில் சயாமின் தலைநகரான அயுத்தயாவில் பாரிஸ் சபையினர் ஒரு பொதுக் குருமடத்தை நிறுவினர். ஆசிய நாடுகளின் திருச்சபைகளை ஐரோப்பியரே என்றும் நடத்த முடியாது, அந்தந்த நாட்டவரையே குருக்களாக உருவாக்க வேண்டும் என்பது இச்சபையின் அடிப்படை நோக்கம். சயாம், சீனா, தோங்கின், கொச்சின்சீனா எனப் பல நாட்டு மாணவர்கள் அங்கே சேர்ந்து படித்தனர். தோங்கினும் கொச்சின்சீனாவும் இன்றைய வியட்நாமின் வடக்கு, தெற்குப் பகுதிகள். வெவ்வேறு மொழி பேசும் மாணவர்களுக்குப் பொது மொழியாக இலத்தீன் விளங்கியது.

1767இல் பர்மியப் படை அயுத்தயாவை அழித்தது. குருமடத்தினர் அதற்கு முன்பே சிதறிக் கிழக்கு நோக்கி நகர்ந்திருந்தனர். இன்றைய வியட்நாமின் தென்மேற்கு முனையில், கம்போடிய எல்லைக்கருகே உள்ள ஹா தியென் பகுதியில், ஹோன் தாட் என்ற இடத்தில் குருமடம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அங்கே பொறுப்பேற்றவர் பியேர் பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற இளம் பிரெஞ்சுக் குரு.

பிஞ்ஞோ 1741இல் வட பிரான்சில் பிறந்தவர். 1765இல் கப்பலேறி, 1766இல் புதுச்சேரிக்கு வந்து, பின்னர் 1767இல் ஹோன் தாட் சேர்ந்தார். அப்போது சுமார் 40 மாணவர்கள் அங்கே இருந்தனர். மூங்கிலும் ஓலையும் கொண்ட எளிய குடில்களே வகுப்பறைகள். 1768இல் உள்ளூர் அரசியல் சிக்கல் ஒன்றில் பிஞ்ஞோ கைது செய்யப்பட்டு, கழுத்தில் கனத்த மரச்சட்டம் பூட்டப்பட்ட நிலையில் சுமார் மூன்று மாதம் சிறையில் இருந்தார். 1769இல் கொள்ளையர் குருமடத்தைத் தாக்கினர். மாணவர் சிலர் கொல்லப்பட்டனர். தப்பியவர்களுடன் அவர் மலாக்கா வழியாக 1770இல் மீண்டும் புதுச்சேரி வந்தடைந்தார்.

இடிந்த நகரில் ஒரு புதுக் கட்டடம்

அவர்கள் வந்து சேர்ந்த புதுச்சேரியும் போரின் காயம் ஆறாத நகரமே. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி, கோட்டையையும் ஐரோப்பியர் பகுதிக் கட்டடங்களையும் தரைமட்டமாக்கினர். 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி நகரம் 1765இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்ப வந்தது. மிஷன் வீதியில் உள்ள சம்பா கோவில் எனப்படும் சென்மராக்கினி மாதா தேவாலயமும் அந்த அழிவில் இடிந்து, 1770 வாக்கில் மீண்டும் கட்டத் தொடங்கி 1791இல்தான் முடிந்தது. நகரமே மறுபடி கட்டப்பட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் செங்கல்லுக்கு எத்தகைய தேவை இருந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

அரிக்கமேட்டில் அந்தத் தேவைக்கு விடை மண்ணிலேயே இருந்தது. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண்பதற்காக 1768 முதல் 1770 வரை புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்தில், இப்பகுதி மக்கள் ஆற்றங்கரையில் வெளிப்பட்ட பெரிய பழஞ்செங்கற்களைச் சேகரிப்பதைத் தம் பயண நூலில் குறித்துள்ளார். அவை பழைய அரசன் ஒருவனின் கோட்டையைச் சேர்ந்தவை என்று ஊரார் அவரிடம் கூறினர். அடுத்த ஆண்டே இங்குக் குருமடத்தின் கட்டுமானம் தொடங்கியது. மேட்டிலிருந்து எடுக்கப்பட்ட பழஞ்செங்கற்கள் அதில் பயன்பட்டன என்று கருதப்படுகிறது. அவ்வாறாயின், ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் வணிகக் கிடங்குக்கும் தொட்டிகளுக்கும் சூளையில் சுட்ட கற்கள், ஒரு பள்ளியின் சுவரில் மறுபிறவி எடுத்துள்ளன.

குருமடத்தில் நடந்த பணி

1771இல் பிஞ்ஞோ அத்ரான் ஆயராக நியமிக்கப்பட்டார். 1774 பிப்ரவரியில் சென்னை மயிலாப்பூரில் உள்ள சாந்தோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அத்ரான் என்பது பெயரளவிலான ஆயர் பட்டம். அவருடைய உண்மையான பொறுப்பு கொச்சின்சீனா.

புதுச்சேரிப் பகுதியில் அவர் இருந்த இந்த ஆண்டுகளின் மிகப் பெரிய பயன் ஓர் அகராதி. கொச்சின்சீனாவைச் சேர்ந்த எட்டு உதவியாளர்களுடன் சேர்ந்து, 1772-73இல் அவர் வியட்நாமிய-இலத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். வியட்நாமியச் சொற்களை இன்று அந்நாட்டில் வழங்கும் உரோமன் எழுத்து முறையிலும், பழைய நோம் எழுத்திலும் தந்து, இலத்தீனில் பொருள் கூறுவது இந்நூல். கையெழுத்துப் படியாகவே இருந்த இதை அடிப்படையாகக் கொண்டு, பின்னாளில் ஆயர் தபேர் விரிவாக்கிய அகராதி 1838இல் வங்காளத்துச் சேராம்பூரில் அச்சேறியது. நவீன வியட்நாமிய எழுத்து முறையின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் தவிர்க்க முடியாது.

தமிழ் அகராதிக் கலையின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்களுக்கு இச்செய்தி சுவையானது. வீரமாமுனிவர் முதலியோர் தமிழுக்கு அகராதி செய்ததை நாம் அறிவோம். அதே தமிழ் மண்ணில் இன்னொரு நாட்டின் மொழிக்கும் அகராதி உருவாயிற்று என்பது பலரும் அறியாதது.

கைவிடப்பட்டது ஏன்?

1775இல் பிஞ்ஞோ மக்காவ் வழியாக மீண்டும் கொச்சின்சீனாவுக்குப் புறப்பட்டார். அவர் போன பிறகும் குருமடம் சில ஆண்டுகள் நடந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது தொலைவு. மாணவர்கள் சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வர வேண்டும். பருவக்காற்றை நம்பிய பாய்மரக் கப்பல் பயணத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து வங்காள விரிகுடாவைத் தாண்டுவது நீண்ட, ஆபத்தான வேலை. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த காற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது போர். 1778இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை மீண்டும் முற்றுகையிட்டு, அக்டோபரில் கைப்பற்றினர். 1783இல் கடலூரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பெரும் போர் நடந்தது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே உள்ள இடம் அரியாங்குப்பம். 1748இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோதும் அரியாங்குப்பத்துக் கோட்டையில்தான் முதல் சண்டை நடந்தது. தெற்கிலிருந்து வரும் படைக்கு இது வழி என்பதால், அமைதியான பள்ளிக்கு ஏற்ற நிலை அந்நாளில் இங்கில்லை. 1783 வாக்கில் கட்டடம் கைவிடப்பட்டது.

1785இல் பிஞ்ஞோ மறுபடி புதுச்சேரி வந்தபோது, கொச்சின்சீன அரசுரிமைக்குப் போராடிய நுயென் ஆனின் மகனான சிறுவன் கான் இளவரசர் உடன் வந்தார். பிரான்சின் உதவியை நாடிய அவர்கள் 1787இல் பாரிசை அடைந்து, அதே ஆண்டு நவம்பரில் வெர்சாயில் ஓர் உடன்படிக்கையும் செய்தனர். ஆனால் புதுச்சேரி ஆளுநர் கான்வே படை அனுப்ப முன்வரவில்லை. பிஞ்ஞோ தாமே பணமும் ஆட்களும் திரட்டிக்கொண்டு 1789இல் புறப்பட்டார். 1799இல் அவர் வியட்நாமில் இறந்தார். நுயென் ஆன் 1802இல் ஜியா லாங் என்ற பெயரில் பேரரசரானார்.

புதுச்சேரியில் அணைந்த குருமடம் மறையவில்லை. அதே பொதுக் குருமடம் 1808இல் மலேயாவின் பினாங்குத் தீவில் மீண்டும் தொடங்கப்பட்டு, இன்றுவரை அங்கே இயங்கி வருகிறது. அயுத்தயா, ஹோன் தாட், வீராம்பட்டினம், பினாங்கு என்று தொடரும் அந்த வரிசையில் நடுக் கண்ணி அரிக்கமேடு.

எச்சங்கள்

இன்று காணக்கூடியவை கூரையற்ற செங்கல் சுவர்களின் பகுதிகளே. இவற்றை எப்படி அடையாளம் காண்பது என்பது களப்பயணம் செல்லும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

• சுவர் நிற்கும் மட்டம்: அரிக்கமேட்டின் பழங்காலக் கட்டடப் பகுதிகள் மண்ணடுக்குகளுக்குக் கீழே, தோண்டியபோதே கிடைத்தன. நிலத்துக்கு மேலே ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் சுவர் அண்மைக் காலத்தது.

• சாந்து: சங்க காலச் செங்கல் கட்டடங்களில் பொதுவாகச் சேற்றுச் சாந்தே பயன்பட்டது. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரிக் கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்து வழக்கமாயிற்று.

• செங்கல்லின் அளவு: சங்க காலச் செங்கற்கள் அளவில் பெரியவை. ஒரு சுவரில் பெரிய கற்கள் இருப்பதனால் மட்டும் அந்தச் சுவர் பழையது ஆகிவிடாது. பழைய கல்லைக் கொண்டு புதிய சுவர் கட்ட முடியும். கல்லின் வயது வேறு, சுவரின் வயது வேறு என்ற இந்த வேறுபாடு தொல்லியலின் முதல் பாடங்களில் ஒன்று.

கட்டடத்துக்கு வெளியேயும் எச்சங்கள் உண்டு. அகராதியின் கையெழுத்துப் படி பாரிசில் சபையின் காப்பகத்தில் உள்ளது. பினாங்குக் குருமடம் இன்னோர் எச்சம். மூன்றாவதாக, அரிக்கமேட்டு மண்ணிலேயே ஒரு சுவடு உள்ளது. பிற்காலத்தில் செங்கல் பெயர்த்தெடுத்ததால் பழைய சுவர்கள் பல சிதைந்திருந்ததை அகழ்வாய்வாளர் கண்டனர். சங்க காலக் கட்டடங்களின் முழு வடிவம் நமக்குக் கிடைக்காமல் போனதில், செங்கல்லுக்காகத் தோண்டிய ஊராருக்கும், மேட்டின் மேல் கட்டடம் எழுப்பியவர்களுக்கும் பங்கு உண்டு.

அகழ்வாய்வுகளும் குருமடமும்

1937இல் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ரேய், இங்குள்ள சிறுவர்களிடமிருந்து மணிகளையும், ரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவம் என்று அவர் கருதிய முகம் செதுக்கிய மணிக்கல் ஒன்றையும் பெற்று இவ்விடத்தின் சிறப்பை உணர்த்தினார். 1940களின் முற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்களும், 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்வாய்வு செய்தனர். இத்தாலிய நாட்டு அரிட்டைன் மட்கலங்கள், மதுச்சாடிகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், மணிகள் ஆகியவை கிடைத்தன. கிரேக்கக் குறிப்புகளில் வரும் "பொதுகே" துறைமுகம் இதுவே என்பது பொதுவான முடிவு. இங்கே கிடைத்த பொருள்களில் ஒரு பகுதியைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம்.

இந்த ஆய்வுகள் அனைத்தும் சங்க காலத்தை நோக்கியே அமைந்தன, அது இயல்பே. ஆனால் அதன் விளைவாக, அந்த மேட்டின் கடைசி அத்தியாயமான குருமடம் ஒரு அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது.

இன்றைய நிலையும் பாதுகாப்பும்

அரிக்கமேடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். மேட்டில் கிடைக்கும் மணி, ஓடு, செங்கல் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. 1770களில் ஒரு பள்ளிக்காகச் செங்கல் எடுத்தவர்களுக்கு அந்த மேட்டின் பழமை தெரியாது. நமக்கு அது தெரியும்.

அரிக்கமேடு என்ற பெயருக்கு "ஆறு அரிக்கும் மேடு" என்று ஒரு விளக்கம் உண்டு. "அருகன் மேடு" என்பதன் திரிபு என்பாரும் உளர். முதல் விளக்கம் இன்றும் பொருந்துகிறது. வெள்ளக் காலத்தில் ஆறு கரையை அரிக்கிறது. மழையும் கடற்காற்றின் உப்பும் பூச்சு இழந்த சுவர்களை வெளியிலிருந்து கரைக்கின்றன. விரிசல்களில் வேர் விடும் செடிகள் உள்ளிருந்து பிளக்கின்றன. சங்க கால எச்சங்களை மேலே மூடிய மண் காக்கிறது. குருமடச் சுவர்களுக்கு அந்தக் காப்பும் இல்லை. பழமையில் குறைந்தது என்பதால் கவனத்திலும் பின்தங்கினால், மேட்டில் முதலில் மறையப் போவது இதுவே.

எனவே இச்சுவர்களைச் சரியான பெயரால் அழைப்பது முதற்பணி. "ரோமானியக் கட்டடம்" என்று நம்பி வருபவர், அது 18ஆம் நூற்றாண்டினது என்று அறிந்ததும் மதிப்பில்லாதது என்று எண்ணிவிட இடமுண்டு. போருக்குத் தப்பி வந்த சீன, சயாமிய, வியட்நாமிய மாணவர்கள் படித்த இடம் என்று அறிந்து வருபவர் அதைப் பார்க்கும் முறை வேறாக இருக்கும். ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் செல்லும்போது சங்க காலத் துறைமுகத்தோடு இக்கதையையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

காலவரிசை

• 1665 வாக்கில் – அயுத்தயாவில் பொதுக் குருமடம் தொடக்கம்
• 1761 – ஆங்கிலேயர் புதுச்சேரியை அழித்தல்
• 1767 – அயுத்தயாவின் வீழ்ச்சி. பிஞ்ஞோ ஹோன் தாட் சேர்தல்
• 1769 – ஹோன் தாட் தாக்கப்படுதல்
• 1770 – குருமடம் வீராம்பட்டினம் பகுதிக்கு இடம்பெயர்தல்
• 1771-1773 – அரிக்கமேட்டில் கட்டடம் எழுதல்
• 1772-1773 – வியட்நாமிய-இலத்தீன் அகராதி
• 1775 – பிஞ்ஞோ கொச்சின்சீனாவுக்குப் புறப்படுதல்
• 1778 – ஆங்கிலேயர் புதுச்சேரியை மீண்டும் கைப்பற்றுதல்
• 1783 வாக்கில் – கட்டடம் கைவிடப்படுதல்
• 1808 – பினாங்கில் குருமடம் மீண்டும் தொடக்கம்
• 1945 – வீலரின் அகழ்வாய்வு